நாற்பத்தோரு வாக்கியம்

கம்பளக் கடையின் நிலவறையில்
சுவரெல்லாம் குளிர்கோட்டு மாட்டி
எதிரொலியைக் கொன்றுவிட்டு
என்னிடம் ஒரு தாளை நீட்டினார்கள்.
நாற்பத்தோரு வாக்கியம்.
"பசிக்குது" என்பதை மட்டும் பதினேழு முறை சொன்னேன்.
இன்னும் கொஞ்சம் உருண்டையாக, மார்லிஸ்,
என்றார் பொம்மைக் கம்பெனிக்காரர்.
பசியை எப்படி உருட்டுவது?

சம்பளம் நானூற்றைம்பது டாலர், ஒரே தடவை.
கையெழுத்துப் போட்ட பேனாவையும்
திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊஃபி பிறந்தது.
ஊதா ரோமம், அகப்பை மூக்கு,
வெளிச்சம் பட்டால் விழித்துப் பேசும்.
டுலூத் நகரமே வரிசையில் நின்றது
மைனஸ் இருபத்தாறில், விடியுமுன்.
கடைக்கதவு திறந்த நெரிசலில்
ஒரு பாதிரியாரின் முன்பல் உடைந்தது.
செய்தியில் அவர் சிரித்தார், ஓட்டை தெரிய,
அக்குளுக்கு ஒரு ஊஃபியாய் இடுக்கிக்கொண்டு.
நானும் அந்த வரிசையில் நின்றேன்.
எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் போகிற இடமெல்லாம் நான்.
பல் மருத்துவரின் வரவேற்பறையில் நான்,
பக்கத்து வீட்டுக் குளியலறையில் நான்,
என்னை விட்டுப் போனவனின் புது வீட்டில்
அவளுடைய மகளிடம் "கட்டிக்கோ" என்று நான்.
அவனே தொலைபேசியில் சொன்னான்.
பேட்டரியைக் கழற்ற
நான்கு திருகாணி கழற்ற வேண்டுமாம்,
ராத்திரி மூன்று மணிக்கு.

மூன்றாவது குளிர்காலம்
நாற்பது டாலர் நான்கானது.
பிறகு பெட்ரோல் நிரப்பினால் இலவசம்.
பிறகு, இலவசமாகவும் வேண்டாம்.

மிஞ்சியதை ஊருக்கு வெளியே
குழியில் கொட்டி மண் தள்ளினார்கள்.
பெட்டி கிழிந்து வெயில் பட்டதும்
ஒவ்வொன்றாய் விழித்து
"வந்துட்டியா? உனக்காகத்தான் காத்திருந்தேன்"
என்றதாம், புல்டோசர்காரரிடம்.
மதியத்துக்கு மேல் அவர் விடுப்பு எடுத்ததாகக் கேள்வி.
அது முப்பத்து மூன்றாவது வாக்கியம்.
ஒரே டேக்கில் சரியாக வந்தது.

இப்போது நகராட்சியில்
தண்ணீர்க் கட்டண பாக்கிக்குப் போன் செய்கிறேன்.
பாதிக் குரலை சிகரெட் தின்றுவிட்டது.
மீதிக் குரலில் கேட்டாலும்
யாரும் பாக்கியைக் கட்டுவதில்லை.

போன பிப்ரவரி, ஏரிக்கரைச் சாலையில்
கார் வழுக்கிப் பள்ளத்தில் உட்கார்ந்தது.
இழுவை வண்டிக்குச் சொல்லிவிட்டு
இரண்டு மணி நேரம்.
எஞ்சின் செத்து, கண்ணாடியெல்லாம் உறைபனி.
யாரோ கையுறையால் தேய்த்து
டார்ச்சை நேராக என் கண்ணில் அடித்தார்கள்.

"வந்துட்டியா?
உனக்காகத்தான் காத்திருந்தேன்."

சத்தியமாக, யோசித்துச் சொன்னதில்லை.
குளிரில் எவரும் சொல்லக்கூடியதுதான்.
டார்ச் பனியில் விழுந்தது.
சட்டையில் பெல்லாஞ்சர் என்று தைத்திருந்த ஆள்,
முப்பது வயதிருக்கும், தாடியில் பனிக்கட்டி,
இரண்டடி பின்னால் போனார்.

சங்கிலி மாட்டும்போது ஒன்றும் பேசவில்லை.
பதினோராவது மைலில்தான் வாய் திறந்தார்.
"என் அண்ணன் அதை அறுத்துப் பார்த்தான்.
உள்ளே யார் இருக்காங்கன்னு."
"யார் இருந்தாங்க?"
"ஒரு மோட்டார். பச்சையா ஒரு தகடு."
வைப்பர் போய் வந்தது, போய் வந்தது.
"நான் ரெண்டு நாள் அழுதேன்," என்றார்.
பள்ளிக்கூட பஸ்ஸுக்கு வழிவிட்டார்.

என் வீட்டு வாசலில்
ரசீது எழுத உள்விளக்கைப் போட்டார்.
நூற்றெண்பது டாலர். பத்தைக் குறைத்தார்,
இருபத்தாறு வருடத்தில்
எனக்கு வந்த ஒரே ராயல்டி.
தாளைக் கிழித்துக் கொடுத்த பிறகும்
விளக்கை அணைக்கவில்லை.
என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசிக்குது," என்றேன்.

உருண்டையாக வரவில்லை.
காலையிலிருந்து ஒரு காப்பிதான்.
இருக்கைக்கு அடியில் துழாவி
பாதி சாண்ட்விச் எடுத்து நீட்டினார்.
வான்கோழி, கடுகு. ரொட்டியின் ஓரம்
கல்லாய் உறைந்திருந்தது.