உப்பு மிஞ்சினால்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே.
சரி.
உப்பு மிஞ்சிய பண்டம்?
அதற்கு எவரும் இடம் சொல்லி வைக்கவில்லை.

மூன்று கிலோ. வேகவைத்த பன்றித்தொடை.
ஹேம் என்று அட்டை தொங்க, சிவப்பு நாடா கட்டி,
துவாஸ் கப்பல் பட்டறையில்
இருபத்திரண்டு வருடம் வெல்டிங் மேற்பார்த்தவருக்கு
கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் கொடுத்தார்கள்.
ஒரு கையில் அது.
மறு கையில் ஆள்குறைப்புக் கடிதம்.
அங் மோ கியோ வரை ரயிலில்
மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம்.
குழந்தையோ என்று
பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்த்தாளாம்.
அதை மட்டும்தான் சொன்னார்.
கடிதம் மைக்ரோவேவ் மேல் ஏறியது.

பண்டிகையன்று முதல் துண்டு.
நாக்கு சுருண்டது.
"கடலையே கடிக்கிற மாதிரி இருக்கு" என்று
ஷெர்லின் இரண்டு குவளை தண்ணீர் குடித்தாள்.
அவர் மட்டும் தட்டைக் காலி செய்தார்,
ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை விழுங்குகிற மனுஷன்.
அடுப்படிக் குப்பைக் குழாயின் மூடியைத் திறந்தேன்.
பதினோரு மாடி ஆழம்.
"ஜெசிந்தா" என்றார்.
மூடினேன்.

உப்பு மிஞ்சினால் தண்ணீர், தண்ணீர் மிஞ்சினால் உப்பு:
பேச்சு மாறுகிறவனைப் பழிக்கப் பிறந்த வாக்கு.
நான் அதைச் சமையல் குறிப்பாக எடுத்துக்கொண்டேன்.
பெரிய சட்டியில் தொடையை அமிழ்த்தி
குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தேன்.
விடிவதற்குள் இரண்டு முறை தண்ணீர் மாற்றினேன்.
இரண்டாம் முறை போனபோது
கூடத்தில் விழித்து உட்கார்ந்திருந்தார்.
நான் விளக்கைப் போடவில்லை.

உருளைக்கிழங்கு உப்பை இழுக்கும் என்பார்கள்.
இழுக்கவில்லை. பங்கு போட்டுக்கொண்டது.
அதுவும் ஓர் உதவிதான்.
முட்டைக்கோஸ் பொரியலில் பொடியாக நறுக்கிப் போட்டேன்,
தேங்காய் கூட, உப்பு இல்லை.
அன்னாசியோடு வதக்கினேன்.
சோயா சாஸ் காட்டாமல் சோறு கிளறினேன்.
பீஹூன். தோஃபு. மறுபடி பீஹூன்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்களே,
நினைத்தோம்.
வாய்க்கு வாய் தண்ணீர் குடித்து நினைத்தோம்.

எதிர்வீட்டு ஸைத்தோன் அக்காவுக்கு இதில் பங்கில்லை.
அவருக்கு ஆரஞ்சுப் பை, வாசலில் நின்றே கொடுத்தேன்.
"அண்ணன் பகலில் வீட்டில் இருக்கிறாரே, லீவா?"
"லீவுதான்."
அந்தச் சொல் என் வாயில்
ஹேமைவிடக் கரித்தது.

ஏழாம் மாடி மேடம் கோ மின்தூக்கியில் கேட்டார்:
எலும்பை என்ன செய்தாய்?
உப்பா? நல்லது, சூப்புக்கு உப்புச் செலவு மிச்சம்.
வாங்கிப் போனார். மாலையில்
தாமரைத் தண்டும் நிலக்கடலையும் மிதக்க
ஒரு பானை திரும்பி வந்தது.
அதைக் குடிக்கும்போது யாரும் தண்ணீர் தேடவில்லை.

ஒன்பதாம் நாள்
என் கையிலிருந்த கத்தியை வாங்கினார்.
இரும்பு அளவுகோலை எடுத்து வந்து
பலகையில் பதித்துக்கொண்டு வெட்டினார்.
இரண்டு மில்லிமீட்டர்.
அடுத்ததும் இரண்டு மில்லிமீட்டர்.
"மெல்லிசா வெட்டினா உப்பு சீக்கிரம் இறங்கும்."
கடிதம் வந்த பிறகு அவர் முழுசாய்ப் பேசிய வாக்கியம் அது.
ஷெர்லின் ஒரு துண்டை
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.
எதிர் பிளாக்கின் துணிக்கொம்புகள்
அதன் வழியே இளஞ்சிவப்பாய்த் தெரிந்தன.

புதுவருடம் கழிந்து நான்காம் நாள், கடைசிக் கைப்பிடி.
பச்சரிசிக் கஞ்சி, இஞ்சி, வெங்காயத்தாள்.
வெளியே மழை, கார் நிறுத்துமிடத்தில் யாரோ ஹாரன்.
ஒரு கரண்டி குடித்தார்.
நிறுத்தினார்.
"உப்பு கொஞ்சம் கம்மி."

நான் எழுந்திருக்கவில்லை.
அவரே போனார்.
ஜாடி மைக்ரோவேவின் பின்னால் இருந்தது.
கடிதத்தை ஓரமாய்த் தள்ளி, எடுத்து வந்து,
இரண்டு விரலால் கிள்ளித் தன் கிண்ணத்தில் போட்டார்.
பிறகு,
கேட்காமலே,
என் கிண்ணத்திலும்.