கொக்கித் தராசு

சைதாப்பேட்டை பழைய இரும்புக் கடையில்
கொக்கியில் தொங்குகிறது என் சைக்கிள்,
முன்சக்கரம் மட்டும் மெதுவாகச் சுற்றியபடி.
பைகளோடு சேர்த்து இருபத்தேழு நானூறு
என்கிறார் இம்தியாஸ் பாய்.
"இன்னாம்மா, போட்டுட்டுப் போறியா?
கிலோ முப்பதுன்னு எடுத்துக்கறேன்."

போன மாதம் ஜமுனாமரத்தூர் ஏற்றத்தில்
பதினோராவது வளைவில் இறங்கித் தள்ளினேன்.
கடந்துபோன மினி லாரியில்
சாமை மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பையன்
சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.
பரிதாபப்பட்டான்.

ஆஸ்பத்திரி மருந்தகத்தில்
பகலெல்லாம் மில்லிகிராமில் பிழைக்கிறவள் நான்.
இத்தனை நாள் கிலோவில் ஏமாந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன்.
இரும்பு ஸ்டாண்ட், அறுநூறு கிராம்.
புளியமரத்தில் சாய்த்தால் நிற்காதா?
இரண்டாவது பூட்டு, முதல் பூட்டை நம்பாததற்கு.
என் சைக்கிளில் இல்லாத நட்டுகளுக்கு
ஐந்து ஸ்பேனர்.
ஜீன்ஸ். குடை.
குடையா! ஏப்ரலில், வேலூரில்!
அக்கா திணித்த எலுமிச்சை ஊறுகாய்,
அதுவும் கண்ணாடி பாட்டிலில்.

ஒவ்வொன்றையும் கையிலெடுத்துக் கேட்டேன்,
நீ எதற்கு வந்தாய்?
எல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்லின.
ஒருவேளை மழை வந்தால்.
ஒருவேளை யாருமே இல்லாவிட்டால்.
ஒருவேளை இருட்டிவிட்டால்.
கூட்டிப் பார்த்தேன்:
'ஒருவேளை' மட்டும் ஐந்தே முக்கால் கிலோ.

இருட்டை மட்டும் கழிக்கவில்லை.
விளக்கு இருக்கட்டும்.
தனியே போகிறவளுக்கு அதன் எடை
கிராமில் வராது.

தண்ணீர்தான் இழுத்தடித்தது.
மூன்று லிட்டர் என்றால் மூன்று கிலோ,
பேரம் கிடையாது.
காட்பாடியில் குடியிருந்து
தினமும் பாலாற்றுப் பாலம் தாண்டுகிறவளுக்கு
தண்ணீரை யாரும் விளக்க வேண்டியதில்லை.
பிறகு தோன்றியது:
கண்ணமங்கலத்தில் ஒரு அடிபம்பு,
போளூரில் டீக்கடை, அடிவாரத்தில் கோயில் குழாய்.
பாட்டிலில் ஒன்றரை போதும்.
மீதி ஒன்றரையை
பேர் தெரியாதவர்களிடம் கொடுத்து வைத்தேன்.

விடிவதற்குமுன் கிளம்பி
பாகாயம் தாண்டியதும் தெரிந்தது,
வேகமெல்லாம் கூடவில்லை.
நிற்பதுதான் சுலபமாகியிருந்தது.
முன்பெல்லாம் ஏரிக்கரையில் கால் ஊன்றக்கூட
மனசு கணக்குப் போடும்,
மறுபடி கிளப்பணுமே என்று.
இன்று கணியம்பாடிக்குள்ளேயே நாலுமுறை நின்றேன்.
ஒரு தடவை நாரைக்கு. ஒரு தடவை இட்லிக்கு.
மற்ற இரண்டுக்கும் காரணம் இல்லை.

மலையில் அதே பதினோராவது வளைவு.
இறங்கினேன்.
ரோட்டில் உலர்த்திய புளியைப் பாயோடு
இழுத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி,
பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது.
ஒரு முனையை நான் பிடித்தேன்.
"எங்கேர்ந்து?" என்றாள்.
"வேலூர்."
"இதுலயா?"
ஒரு விரலால் சைக்கிளைத் தூக்கிப் பார்த்தாள்.
முழுதாக வரவில்லை,
பின்சக்கரம் மட்டும் எழும்பியது.
எனக்கு அது போதுமாயிருந்தது.

மறுநாள் ஆலங்காயம், ஒடுகத்தூர் வழியாக இறக்கம்.
அணைக்கட்டு தாண்டி இலவம்பாடியில்
சாக்கில் குவித்த முள்ளுக் கத்தரி,
காலை வெயிலில் மினுங்கியது.
"எவ்ளோ போடட்டும்?"
"ரெண்டு."
சொன்ன பிறகுதான் கணக்கு ஞாபகம் வந்தது.
ஸ்டாண்ட், பூட்டு, ஸ்பேனர், ஜீன்ஸ்
எல்லாம் கழற்றிச் சேர்த்ததை
ஒரே வார்த்தையில் செலவழித்திருக்கிறேன்.
முதுகுப்பை வழியாக முள் குத்த,
விருப்பத்தோடு மிதித்தேன்.

கதவைத் திறந்த அக்கா
கத்தரிக்காயை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.
"பிஞ்சாத்தான் இருக்கு" என்றாள்.
அப்புறம்,
"ஊறுகாய் தீந்துடுச்சா?"

ம், என்றேன்,
கட்டிலுக்கடியில் பாட்டில் இருந்த பக்கம்
பார்க்காமல்.