காணவில்லை

விருந்தினர் கூடவே நடப்பது என் வேலை,
கழிப்பறை வாசல் வரைக்கும்.
இர்த்திஷ் கரையில் இந்த ஆலையில்
என் பதவிக்கு நீளமான பெயர் உண்டு;
மனைவி வைத்த பெயர் ‘நிழல்’.

இந்த முறை வந்தவர் எட்செவெரி அம்மாள்,
உருகுவேக்காரர்.
மைனஸ் முப்பதில்
தொப்பிமேல் தொப்பி.

முதலில் முத்திரை.
சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய செப்புமூடி,
உள்பக்கம் வியன்னாவில் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள்.
அதே கிறுக்கல்தானா என்று
அறுத்துக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள்.
அது யாரையும் தடுக்காது.
தொட்டால் சொல்லும், அவ்வளவுதான்.

கேமரா ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும்.
இரண்டு படங்களுக்கு நடுவே நான் தும்மியது
எந்த ஆவணத்திலும் இல்லை.

பிறகு கலம்காஸின் பேரேடு:
இருந்தது, வந்தது, போனது, இருப்பது.
தராசு மறுபடி, மறுபடி.
இருநூறு கிராம் காணவில்லை.
“குழாய்க்குள் ஒட்டியிருக்கும்,
கொப்பரையில் கொழுப்பு ஒட்டாதா?” என்றாள் கலம்காஸ்.
எட்செவெரி சிரிக்கவில்லை, சினக்கவுமில்லை.
அனுமதித்த பிழைக்குள் அடங்குகிறது என்று எழுதி
பேனாவை மூடினார்.

ஏழாம் கட்டடத்தின் பின்னால்
ஒரு சாம்பல்நிறக் கதவு.
வரைபடத்தில் அதற்கு எண் இல்லை.
கேட்டார். கேட்க உரிமை உண்டு.
காகிதம், கையெழுத்து, இரண்டு மணி நேர அவகாசம்.
அந்த இரண்டு மணி நேரமும்
என் அறையில் பால்தேநீர் குடித்தோம்.
வெளியே பனி பெய்தது,
காலடிகள் ஏதும் இருந்திருந்தால்
அவற்றின் மேலும்.

திறந்தோம்.
உடைந்த நாற்காலிகள், வலையில்லாத பிங்பாங் மேசை,
பெயின்ட் வாசனை.
“எப்போது அடித்தது?”
என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரியாது.
பத்தொன்பது வருடமாக இந்தக் கதவைத் தாண்டித்தான்
சாப்பிடப் போகிறேன்,
உண்மையாகவே தெரியாது.
என் முகத்தைத் துடைத்து
ஆய்வகத்துக்கு அனுப்ப விதியில்லை.

புதுக் கையுறை. கைக்குட்டை அளவு பருத்தித் துணி.
மேசைக்கால், சன்னல் விளிம்பு,
பெயின்ட் படாமல் தப்பிய ஓர் ஆணித்தலை.
பைக்குள் பை, ஊர் பெயர் இல்லாத எண்.
கண்ணுக்குத் தெரியாத துகளும்
தான் பிறந்த உலையைச் சொல்லிவிடுமாம்.

தீர விசாரிப்பதே மெய்.
விசாவில் ஆறு நாள்.

முப்பது கிலோமீட்டர் தள்ளிப் புல்வெளியில்
யாரும் அறிவிக்காத கட்டடம் ஒன்று இருந்தால்,
இருக்கிறது என்று நான் சொல்லவில்லை,
அங்கே முத்திரை இல்லை, கேமரா இல்லை,
கூட நடக்க நானும் இல்லை.

பனி உருகிய பிறகு கடிதம் வந்தது.
இயக்குநர் உரக்கப் படித்தார்:
‘திசைதிருப்பியதற்கான அறிகுறி எதையும்
காணவில்லை.’
எல்லோரும் கைதட்டினோம்.
கலம்காஸ் மட்டும் தன் பேரேட்டைப் பார்த்தாள்,
இருநூறு கிராமுக்கு எதிரே
அதே சொல்.

மதியம் சாப்பிடப் போனேன்.
சாம்பல் கதவில் இப்போது 7-பி என்று எழுதியிருக்கிறார்கள்.
விரலால் தொட்டேன்.
இன்னும் காயவில்லை.