இரண்டு அங்குலம்

அருங்காட்சியகத்தின் விதி இது:
நகல் அசலின் அளவில் இருக்கக் கூடாது.
கூட்டியோ குறைத்தோ, இரண்டு அங்குலமாவது.
பின்னாளில் யாரும் ஏமாந்துவிடக் கூடாதாம்.
நான் கூட்டிக்கொண்டேன்.
ரவிக்கைத் துணியே கால் மீட்டர் அதிகம் வாங்குகிறவள்.

வெள்ளிதோறும் ராக்வில்லில் ஏறி
வாஷிங்டனில் இறங்குகிறேன்,
மடியில் ஈரக் கான்வாஸ்.
ஆளிவிதை எண்ணெய் மணத்தில் எதிர் இருக்கைக்காரர்
தன் கோட்டை ஒதுக்கிக்கொள்கிறார்.

கழுத்து அட்டையில் எழுதியிருக்கிறது:
நகலெடுப்பவர், பூங்கோதை.
மற்ற நாலு நாளும் நான் பல் செய்கிறவள்.
பீங்கான் பொடியைக் குழைத்து, சுட்டு,
யாரோ சிரிப்பதற்கு.
என் மேசையில் பதினாறு வெள்ளைகள் வரிசையாய் நிற்கும்.
எதுவும் வெள்ளை இல்லை.
ஏ-மூன்று என்றால் ஆறிய தேநீர்,
சி-நான்கு என்றால் மழைக்காலச் சுவர்.

சுவரில் இருப்பவள்
கிட்டத்தட்ட நாலு நூற்றாண்டாக
அறுபது வயதில் நிற்கிற டச்சுக்காரி.
கழுத்தைச் சுற்றிக் கொசுவம் வைத்தவள்.
வாயை இறுக்கி மூடியிருக்கிறாள்.
இடது கீழ்க் கடைவாய்ப் பல், இது என் தொழில் கணிப்பு.

முதல் மாதம் கொசுவத்தை எண்ணினேன்.
அறுபத்தொன்று. மறுவாரம் அறுபத்துநான்கு.
மூச்சு படுகிற அளவுக்குக் கிட்டப் போனேன்.
கெபெதே இருமினார்.
அவர் காவலர்; இருமினால் பின்வாங்க வேண்டும்.
அதற்குள் பார்த்துவிட்டேன்:
கிட்டத்தில் கொசுவமே இல்லை.
மூன்று மடிப்பை ஒழுங்காகப் போட்டுவிட்டு
மிச்சத்தைச் சாம்பலில் இழுத்துவிட்டிருக்கிறார் மனிதர்.
ஆறடி தள்ளி வந்தால்
மறுபடி அறுபத்து எத்தனையோ.

அம்பர் தேய்த்து, துணியால் துடைத்துத் துடைத்து
வெளிச்சத்தை வெளியே எடுக்க வேண்டும்.
அதன் மேல் செத்த நிறம், பச்சை கலந்த சாம்பல்.
அந்த வாரங்களில் அவள் பிணம்.
பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து
என்னுடையதைப் பார்த்து, சுவரைப் பார்த்து,
மறுபடி என்னுடையதைப் பார்த்து நகர்ந்தார்கள்.
ஒரு பையன் மட்டும் கேட்டான்,
இவங்களுக்கு என்ன ஆச்சு?
காயணும் என்றேன்.

பிறகு மஞ்சள் காவி, சிந்தூரச் சிவப்பு,
வெள்ளை, எலும்புக் கரி.
கன்னம் வந்தது.
நெற்றிப் பொட்டின் நீல நரம்பில் நீலமே இல்லை;
கரியும் வெள்ளையும், பக்கத்துச் சிவப்பின் தயவில்.
கண்மணியில் ஒரு புள்ளி வைத்தேன்.
பார்த்தாள்.
தூரிகையைக் கீழே போட்டுவிட்டுத்
தண்ணீர் குடிக்கப் போனேன்.

கடைசியாக மிஞ்சியது அந்த இரண்டு அங்குலம்.
மேலும் பக்கங்களும் இருட்டுதான், இழுத்துவிட்டேன்.
கீழே சிக்கல்.
அசலில் அவள் இடக்கை
கணுக்களோடு சட்டகத்தில் முடிந்துவிடுகிறது.
என் துணியில் இன்னும் இடம் இருக்கிறது.
விரல் போட வேண்டும், பார்த்துப் போட ஆள் இல்லை.

வலக்கையில் தூரிகை.
இடக்கையை மடியில் வைத்துப் பார்த்தேன்.
ஆள்காட்டி விரலில் உலை சுட்ட தழும்பு,
நகக்கண்ணில் போகாத பீங்கான்.

புதுக் குழாய் எதையும் திறக்கவில்லை.
அதே ஐந்து நிறம்தான். அம்பர் கொஞ்சம் கூடுதல்.

நாலு மணிக்குக் கெபெதே அளவு நாடாவோடு வந்தார்.
குறுக்கே அளந்தார். கீழிருந்து மேலாக அளந்தார்.
நாடா ஈரத்தில் பட்டுவிட்டது,
முதல் இரண்டு எண்களின் மேல் பழுப்பு.
சுவரை நிமிர்ந்து பார்த்தார்.
"இது அங்கே இல்லையே."
"இல்லை."
படிவத்தில் இதை எங்கே எழுதுவது என்று
கொஞ்ச நேரம் தேடினார்.
பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு
நாடாவைச் சுருட்டாமல்
விரித்தபடியே தூக்கிக்கொண்டு போனார்,
காயட்டும் என்று.