இல்லை லெவன்

படிவத்தில் ஐந்தாவது கட்டம்: கம்பெனியின் பெயர்.
எங்களில் இருவர் லாண்டரி,
ஒருவன் ஆட்டிறைச்சிக் கடை,
மூவர் ஃப்ரீ விசா, கஃபீல் முகம் பார்த்தறியாதவர்கள்.
பொன்வண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
ஆங்கில எழுத்தில், தமிழில், எழுதினான்:
இல்லை.

லீக் செயலாளர் குலாம் ஷப்பீர், சியால்கோட்காரர்,
அதை ஒரு கம்பெனி என்றே நம்பினார்.
வியாழன் இரவு அட்டவணை வந்தது:
காலை 5.40. நஜ்மா ஸ்டீல் – இல்லை.
"இல்லை கம்பெனி என்ன தயாரிக்கிறது?"
"ஒன்றும் கிடையாது" என்றான் யோகராசா, தனக்குத் தெரிந்த இந்தியில்.
"ஓ, டிரேடிங்" என்று தலையாட்டினார்.

சோஹார். சனையாவின் பின்னால்
பழைய டயர்கள் குவிந்த வெளி.
கான்கிரீட் லாரி ஓட்டும் நைனா
ஒரு ராத்திரி, மீந்த கலவையைக் கொண்டுவந்து கொட்டினான்.
பலகை வைத்து இழுத்துக்கொண்டே போனோம்.
பதினெட்டு கஜத்தில் கலவை தீர்ந்தது.
மீதி நான்கு கஜம் கடைசிவரை மணல்தான்.
எங்கள் சரித்திரத்தின் நோ-பால்கள் எல்லாம்
அந்த நான்கு கஜத்தில் நடந்தவை.
மணலில் கால் எங்கே விழுந்ததென்று
வாதாட முடியாது.

டென்னிஸ் பந்து, அதன்மேல் சிவப்பு டேப்.
பச்சை டேப் எர்த்துக்கு, தரமாட்டேன் என்பான்
எலெக்ட்ரீஷியன் ஜெபஸ்டின்.
பந்து போடுவதும் அவன்தான்.

நான் ஆடியதில்லை. ஸ்டோர்கீப்பர், எண்ணத் தெரியும்.
பதிவேட்டின் முன்பக்கம்: வெல்டிங் ராடு, நாற்பது பெட்டி.
பின்பக்கம்: ஜெபஸ்டின், இரண்டு ஓவர், ஏழு ரன், மூன்று விக்கெட்.
மதியம் வீட்டிலிருந்து போன் வரும்.
"ஜெயிச்சீங்களா?"
"இல்லைதான் ஜெயிச்சுது."
"ஒழுங்காச் சொல்லித் தொலைங்களேன்."

டெக் பகதூர் 31, ரிட்டயர்ட்:
விசா கேன்சல், மஸ்கட் ஏர்போர்ட்.
இஸ்மத்துல்லா, பேட்டை வாசலில் சாய்த்துவிட்டு
சலாலாவுக்கு வேலை மாறிப்போனான்.
அதற்கும் ரிட்டயர்ட் என்றே எழுதினேன்,
வேறு சொல் கிடைக்கவில்லை.

ரஃபீக்குலின் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.
பெட்டி போன விமானம் வெள்ளிக்கிழமை.
அன்றைக்குப் பத்துப் பேராக ஆடினோம்,
பாயிண்டில் யாரையும் நிறுத்தவில்லை.
அந்தப் பக்கம் மூன்று ஃபோர் போனது.
போகட்டும் என்றான் பொன்வண்ணன்.

எட்டாவது வருடம்தான் ஃபைனல் வந்தோம்.
எதிரே நஜ்மா ஸ்டீல்.
ஏசி பஸ்ஸில் வருகிறவர்கள்,
முதுகில் பேர், ஐஸ் பெட்டி, அதில் மோர்கூட இருக்கும்.
அன்று காலை நடந்து வந்தார்கள்.
நெஞ்சில் கம்பெனி முத்திரை இருந்த இடத்தில்
ஆளுக்கொரு துண்டு சிவப்பு டேப்.
ஐந்து மாதச் சம்பளம் பாக்கி,
கேட்டில் பூட்டு, மேனேஜரின் போன் அணைந்திருக்கிறது.
வர்கீஸ், அவர்கள் கேப்டன், சொன்னான்:
"இனி நாங்களும் இல்லைதான்."

குலாம் ஷப்பீர் தாளில் நஜ்மாவை அடித்தார்.
பேனாவை என்னிடம் நீட்டினார்.
"ஸ்பெல்லிங்?"
அதற்கப்புறம்தான் கேட்டார், எட்டு வருடம் கழித்து,
இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தமென்று.
சொன்னோம். சிரிப்பார் என்று பார்த்தோம்.
குடையை விரித்துக்கொண்டு ஸ்டம்ப் பக்கம் போய்விட்டார்.

இல்லை 52. இல்லை 52. கடைசிப் பந்து பாக்கி.
ஜெபஸ்டின் ஓடிவந்தான்,
மணலில் பாதம் அரைச்சாண் தாண்டியது.
நோ-பால். அந்த இல்லை ஜெயித்தது.

கோப்பை தருவதாக இருந்தது நஜ்மா ஸ்டீல்.
எனவே அதுவும் இல்லை.

வெயில் ஏறிவிட்டது. லாண்டரி வேனில்
அவர்களைக் கேம்ப்பில் கொண்டுபோய் இறக்கினோம்,
துவைத்த பெட்ஷீட் மூட்டைகளின்மேல் உட்காரவைத்து.
பதிவேட்டில் அன்றைய கடைசி வரி,
முன்பக்கமா பின்பக்கமா என்று தயங்கி எழுதியது:
வேன், இரண்டு ட்ரிப். டீசல், ஒரு ரியால் இருநூறு பைசா.
வரவு வைக்க வேண்டிய பெயர்