பின்சீட்டு

பிராஞ்சேரி விலக்கில்
டார்ச் முதலில் நம்பர் பிளேட்டைப் பார்த்தது,
பிறகு மாசானத்தை,
பிறகு என்னை, வெகு நேரம்.

ஒன்பதரை பஸ் வரவில்லை.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி லேபில்
அவனுக்கும் எனக்கும் ஒரே ஷிப்ட்.
அவன் வீரவநல்லூர் போகணும்,
நான் பத்தமடையில் இறங்கிக்கொள்வேன்.
இவ்வளவுதான் கதை.

லைசென்ஸ் கேட்டார், கொடுத்தான்.
இன்சூரன்ஸைப் போனில் காட்டினான்.
ஊதச் சொன்னார், ஊதினான்.
வண்டிக்கான கேள்விகள் தீர்ந்துபோக
வயலில் தவளைச் சத்தம் மட்டும் கொஞ்சம்.

"இவன் ஒனக்கு யாரும்மா?"
"கூட வேலை பாக்காரு."
"அது சரி. யாரு?"

டார்ச் என் மணிக்கட்டுக்கு இறங்கியது.
கயிறு தேடியிருக்கும்.
வாட்ச் கட்டிய வெளுப்புதான் இருந்தது.

"ஊரு?"
"பத்தமடை."
"பத்தமடைல எந்தத் தெரு?"

எங்கள் பக்கம் தெரு கேட்பது
விலாசத்துக்காக அல்ல.
தபால்காரருக்கே கதவு எண் போதும்.

"வண்டி ஓட்டுனது அவரு.
நான் உக்காந்துதான் வாரேன்.
என்னைய எதுக்கு சார் கேக்கிய?"
குரல் நடுங்கியது.
அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

"பையத் தொற."
"பொம்பளப் போலீஸ் வரட்டும் சார், காட்டுதேன்."
காலி டிபன் பாக்ஸ், ஈரக் குடை.
ஒளிக்க ஒன்றுமில்லைதான்.
ஒளிக்க ஒன்றுமில்லாத பையும் என் பை.

"அப்பா நம்பரச் சொல்லு."

இதற்காகத்தான் மற்ற கேள்விகளெல்லாம்
வரிசையில் நின்றிருக்கின்றன.
அந்தப் பத்து எண்கள் அவர் கைக்குப் போனால்
விடியுமுன்னே வீரவநல்லூரில்
எந்த வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்று
அவருக்குத் தெரியும்.
எனக்கும் தெரியும்.
ஹெல்மெட்டுக்குள் மாசானம்
எச்சில் விழுங்குவது கேட்டது.

"எனக்கு இருவத்தேழு வயசு சார்.
நம்பர் தரமாட்டேன்.
சந்தேகம்னா என்ன சந்தேகம்னு சொல்லுங்க,
எழுதிக்கிடுங்க."

வாழைத்தார் லாரி ஒன்று வந்து நின்றது.
அவர் அங்கே போய்விட்டு வந்தார்.
தோற்றவர் முகமில்லை அது,
அலுத்தவர் முகம்.
"ஒன் தலையில ஹெல்மெட் எங்க?"

நியாயம்.
பின்சீட்டிடம் கேட்க வேண்டியதை
கடைசியாகக் கேட்டார்.
ஆயிரம் ரூபாய்.
மிஷின் துப்பிய தாளில்
வண்டி எண், இடம், நேரம், குற்றம்.
தெருவுக்குக் கட்டம் இல்லை.
நாலாக மடித்து
ஐடி கார்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டேன்.

மேலச்செவல் வரை அவனும் பேசவில்லை.
அதற்குள் எனக்கு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்,
கேன்டீனில் டீ குடிக்கும்போது,
"ஒங்களுக்குக் கொடை எந்தக் கோயில்ல?" என்று
மாசானத்திடம் கேட்டிருக்கிறேன்.
சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.
டார்ச் இல்லை, தொப்பி இல்லை.

அவன் எழுந்துபோய்
டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துதான்
பதில் சொன்னான்.