கட்டுத்தரைக் கணக்கு

வெள்ளகோவில் தாண்டி மூலனூர்த் தடத்தில்
கிளுவை வேலி ரெண்டாய்ப் பிரியுமிடத்தில்
கடவைத் திறந்ததும்
முதலில் வந்தது வான்கோழி.
தொங்கட்டான் சிவக்கச் சிவக்க
என் ஸ்கூட்டியின் முன்சக்கரத்தோடு சண்டைக்கு நின்றது.
"ஒண்ணும் பண்ணாதுங்க, வாங்க" என்றார் துளசிமணி
புண்ணாக்குக் கையைச் சேலையில் துடைத்தபடி.
பண்ணியது.
கெண்டைக்காலில் இன்னும் தழும்பிருக்கிறது.

கால்நடைக் கணக்கெடுப்பு. தற்காலிக வேலை.
வீட்டுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி.
கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை,
அட்டையில் மரகதத்துக்குக் கடைசி எழுத்து இல்லை.

மாடுகளை எண்ணுவது சுலபம், கட்டிக் கிடக்கின்றன.
பசு நாலு. காளை ஒன்று. கன்று ஒன்று.
"கன்னு என்ன நிறமுங்க?"
"இப்பச் செவலை."
"இப்பன்னா?"
"ஆறு மாசம் போனா மயிலையாயிருமுங்க."
பெட்டியில் ஒரு நிறத்துக்குத்தான் இடம்.
நான் யோசிக்க யோசிக்க
கன்று என் துப்பட்டாவைத் தின்றுகொண்டிருந்தது.

எருமைக்குப் பேர் கலெக்டர்.
கூப்பிட்டால் வராது. வந்தால் போகாது.

கோழி எண்ணுவது பாவப்பட்ட பிழைப்பு.
பதினேழு என்று முடிக்கையில்
அட்டாலியிலிருந்து ஒன்று குதிக்கும்.
இது முன்னமே எண்ணியதா?
ஐந்தாவது படிக்கும் தர்னீஷ்தான் காப்பாற்றினான்:
"இது நொண்டி. இது நொண்டியோட அக்கா.
இது பக்கத்துத் தோட்டம், திங்க மட்டும் வரும்.
அதப் போடாதீங்க."

நாய் ஒன்று. டைசன்.
கழுத்தைச் சுற்றி மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தது.
ஏனென்று நான் கேட்கவில்லை,
கேட்கச் சொல்லிப் படிவத்தில் இல்லை.

செம்மறி.
துளசிமணி முப்பத்தெட்டு என்றார்.
பட்டியில் முப்பத்தொன்று.
மறுக்கா எண்ணினேன், குட்டிகளைக் கால் வழியே பார்த்து.
முப்பத்தொன்று.
"மிச்சம் ஏழு மேய்ச்சலுக்குங்களா?"

தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கிட்டுசாமி
ஹோஸைக் கீழே போடாமலே
கொறங்காட்டுப் பக்கம் தாடையை நீட்டினார்.
வெள்வேல மரத்தடியில் புது மண்,
மேலே சுண்ணாம்புத்தூள்.
"செவ்வாக்கிழமை ராத்திரிங்க.
நாயி. அஞ்சோ ஆறோ. எவனுதும் இல்ல.
ரெண்டத் தின்னுச்சு.
அஞ்சச் சும்மா கடிச்சுப் போட்டுச்சு."
தொட்டி நிறைந்து வழிந்தது.
அவர் நிறுத்தவில்லை.

அன்றைக்கு டைசன் கட்டிக் கிடந்திருக்கிறது.
கழுத்து அறுபடக் கயிற்றை இழுத்திருக்கிறது.
மழை வரும்போல் குரைக்கிறதென்று
இவர்கள் போர்வையை இழுத்துக்கொண்டார்கள்.

"முப்பத்தெட்டுன்னே போடுங்க" என்றார் துளசிமணி.
"நீங்க திங்கக்கிழமை வர்றதாத்தான சொன்னீங்க."

திங்கக்கிழமைதான்.
மெசேஜ்கூட என் போனில் இருக்கிறது:
நாளை காலை பத்து மணிக்கு, கால்நடைகளை
வீட்டிலேயே வைத்திருக்கவும்.
திங்கக்கிழமை அவர்கள் அவிழ்க்காமல் வைத்திருந்தார்கள்
முப்பத்தெட்டையும், பன்னிரண்டு மணிவரைக்கும்.
எனக்கு அன்று தலைவலி.

டவர் கிடைக்க மேல்தொட்டியில் ஏறச் சொன்னார்கள்.
ஏறினேன். மேலேயிருந்து
கம்பங்காட்டில் மயில்கள் தெரிந்தன, ஒன்பது.
யாருக்கும் சொந்தமில்லை, யாரும் கேட்கவில்லை.
கீழே ஒரு வெள்ளாட்டின் பின்னால்
செம்மறிக்குட்டி ஒன்று முட்டி முட்டிப் பால் குடித்தது.
வெள்ளாடு உதைத்தது. குட்டி விடவில்லை.
பிறகு உதைக்கவில்லை.

முப்பத்தொன்று என்று அடித்தேன்.
சரிபார்த்துவிட்டீர்களா என்று கேட்டது கருவி.
ஆமாம்.
உறுதியாக?
ஆமாம்.
இறங்கும்போது கை நடுங்கியதற்கு
ஏணியைத்தான் காரணமாகச் சொன்னேன்.

ஆறு முட்டையைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள்.
வேண்டாமென்றும் சொல்லத் தெரியவில்லை.
வான்கோழி கடவுவரை வந்து அனுப்பிவைத்தது.

அடுத்த தோட்டத்தில் பொழுது விழுந்திருந்தது.
"நாளைக்கி வாங்க அம்மிணி,
எல்லாத்தையும் அடைச்சாச்சு" என்றார்கள்.
"இல்லைங்க" என்றேன்,
"டார்ச்சு இருந்தாக் குடுங்க.
இன்னைக்கே எண்ணிர்றேன்."